போலீஸ் வேலையோடு ஆய்வுப் படிப்பு: தலைப்புத் தேர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குற்றவியல், காவல் நிர்வாகம் போன்ற பாடங்களில் முதுகலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ பதிவு செய்திருக்கும் காவலர்களும் அதிகாரிகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டு ஸ்டேஷன் நடைமுறையை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

தலைப்பை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

உங்கள் ஸ்டேஷனில் எப்போதும் முடிவுக்கு வராத வாக்குவாதம் ஒன்று இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். "ராத்திரி முழுக்க பீட் சுற்றி, ரோந்துப் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு என்ன பிரயோஜனம்? திருடுகிறவன் திருடிக்கொண்டுதான் இருக்கிறான்" என்பார் ஒரு எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்). "ஒரு வாரம் போகாமல் இருந்து பாருங்கள், அப்புறம் தெரியும்" என்பார் ஏட்டையா. இருவருக்கும் இருபது வருட அனுபவம் இருக்கிறது. இருவரும் சொல்வது ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது. யார் சொல்வது சரி என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதே வாக்குவாதம்தான் அமெரிக்காவில் கேன்சஸ் சிட்டி போலீஸில் உலகப் புகழ்பெற்ற ஓர் ஆய்வாக மாறியது. அந்த ஊரின் தெற்கு ரோந்துப் பிரிவு அதிகாரிகளுக்குள் ரோந்தின் பயன் பற்றிக் கருத்து வேறுபாடு வந்தது. சோதித்துப் பார்ப்போம் என்று முடிவானது. 1972 அக்டோபரிலிருந்து ஓராண்டுக்கு 15 பீட்களை (ரோந்துப் பகுதிகளை) மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் வழக்கமான ரோந்தே கிடையாது, அழைப்பு வந்தால் மட்டும் போவார்கள். இன்னொன்றில் எப்போதும் போல. மூன்றாவதில் இரண்டு மூன்று மடங்கு ரோந்து. குற்றத்திலும் மக்களின் பயத்திலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. கேள்வியைக் கிளப்பியவர்கள் ரோந்து வண்டியில் போனவர்கள்தான் என்பதை மாணவர்களிடம் நான் தவறாமல் சொல்வேன்.

அதற்காக ரோந்து வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பின்னால் 1989-ல் குற்றவியல் அறிஞர் லாரன்ஸ் ஷெர்மனும் மற்றவர்களும் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் போலீஸுக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்தபோது, சுமார் 3 சதவீத முகவரிகளிலிருந்தே பாதி அழைப்புகள் வருவது தெரிந்தது. எனவே எங்கே, எவ்வளவு நேரம் ரோந்து என்று கேள்வி மாறியது. இந்தக் கேள்வியை உங்கள் ஸ்டேஷன் எல்லையில் வைத்துப் பார்த்தாலே ஒரு முதுகலை ஆய்வுக்குப் போதும்.

"சைபர் குற்றங்களும் காவல்துறையும்" என்று தலைப்பு வைத்திருக்கிறேன். வழிகாட்டி மிகவும் பெரிதாக இருக்கிறது என்கிறார். எப்படிச் சுருக்குவது?

அவர் சொல்வது சரி. அது ஒரு துறையின் பெயர், ஆய்வுக் கேள்வி இன்னும் வரவில்லை. சுருக்க வேண்டுமானால், உங்கள் மேஜைக்கு வரும் மனு ஒன்றைக் கையில் எடுத்து, அது நடந்த வரிசையைப் பாருங்கள்.

மின் கட்டணம் பாக்கி என்று ஒருவருக்குக் குறுஞ்செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லிங்கைத் தொடுகிறார். காலை 11 மணிக்கு 80,000 ரூபாய் போய்விடுகிறது. வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு, இரவு மகன் வந்த பிறகு சொல்கிறார். மறுநாள் உள்ளூர் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். அங்கே சைபர் கிரைம் ஸ்டேஷனுக்குப் போகச் சொல்கிறார்கள். அதன் பிறகுதான் 1930 என்ற உதவி எண்ணே அவர்களுக்குத் தெரிகிறது. அதற்குள் பணம் கணக்கு மாறிக் கணக்கு மாறி ஏ.டி.எம்.மில் எடுக்கப்பட்டிருக்கும்.

இதில் எத்தனை நேரங்கள் எழுத்தில் பதிவாகியிருக்கின்றன பாருங்கள். பணம் போன நேரம் வங்கி விவரத்தில் இருக்கிறது. புகார் நேரம் போர்ட்டலில் இருக்கிறது. எவ்வளவு தொகை முடக்கப்பட்டது என்பது வங்கியின் பதிலில் இருக்கிறது. ஆக, "ஒரு மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கு ஓராண்டில் வந்த பண மோசடிப் புகார்களில், பணம் போனதற்கும் புகார் கொடுத்ததற்கும் இடைப்பட்ட நேரம் முடக்கப்பட்ட தொகையை எவ்வளவு பாதித்தது?" என்ற கேள்வி கிடைத்துவிட்டது. கூடவே புகார்தாரர்கள் சிலரிடம் பேசி, தாமதம் கூச்சத்தால் வந்ததா, எண் தெரியாததால் வந்ததா, ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்ததால் வந்ததா என்று கேட்கலாம். அலைந்ததுதான் பெரிய காரணம் என்று வந்தால், மாவட்ட எஸ்.பி. ஒரே மெமோவில் அதை மாற்ற முடியும். இந்த மாதிரித் தலைப்புகளை நான் விரும்புவது அதனால்தான்.

நான் முதல்நிலைக் காவலர். ஆய்வெல்லாம் பெரிய அதிகாரிகளுக்குத்தானே சரிப்படும்?

இல்லை. பெரிய அதிகாரிக்குத் தெரியாத பல விஷயங்கள் உங்கள் கண் முன்னால் நடக்கின்றன. கோர்ட் டியூட்டி பார்ப்பவருக்கு, சாட்சி சம்மன் எத்தனை முறை சார்வாகாமல் (உரியவரிடம் சேராமல்) திரும்பியது, என்ன காரணம் எழுதித் திருப்பினார்கள் என்பது தெரியும். "மேற்படி முகவரியில் இல்லை" என்று எழுதப்பட்ட சம்மன்களை மட்டும் எடுத்து, உண்மையிலேயே வீடு மாறியவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் அது அருமையான ஆய்வு. ஸ்டேஷன் ரைட்டருக்கு, எஃப்.ஐ.ஆர். ஆகாமல், புகார் வந்ததற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு முடிந்துபோன மனுக்கள் பற்றித் தெரியும். பெண் காவலர்கள் பந்தோபஸ்து நாட்களில் கழிப்பறை இல்லாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வது பற்றி, அந்த வேலையைப் பார்த்த ஒருவர் கேட்டால்தான் மற்றவர்கள் மனம் விட்டுப் பேசுவார்கள். ஆயிரம் விளக்கில் 1992-ல் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. அங்கிருந்து இன்றுவரை மகளிர் ஸ்டேஷன்களில் வேலை பார்ப்பவர்களின் அன்றாடம் பற்றி அவர்களே எழுதியது போதாது என்பது என் கருத்து.

டி.எஸ்.பி.க்கு வேறொரு வசதி உண்டு. தன் சரகத்து ஸ்டேஷன்களை ஒன்றோடொன்று ஒப்பிட அவரால் முடியும்.

நான் நினைத்த தலைப்பை ஏற்கெனவே வேறொருவர் செய்துவிட்டார். விட்டுவிடலாமா?

விட வேண்டாம். வேறு இடத்தில் அதையே திரும்பச் செய்து பார்ப்பது மதிப்புள்ள வேலை. 1981-82-ல் மினியாபொலிஸில் குடும்ப வன்முறை அழைப்புகளில் கைது, அறிவுரை, கொஞ்ச நேரம் வீட்டை விட்டு வெளியே அனுப்புவது என்று மூன்று வழிகளைக் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். கைது செய்யப்பட்டவர்கள் திரும்ப அடிப்பது குறைந்தது என்று முடிவு வந்தது. பல அமெரிக்க மாநிலங்கள் அதை நம்பி விதிகளையே மாற்றின. பிறகு வேறு நகரங்களில் திரும்பச் செய்தபோது முடிவுகள் ஒத்துப்போகவில்லை. சில இடங்களில், வேலையில்லாத ஆட்களைக் கைது செய்தபோது வன்முறை கூடியிருந்தது. ஒரே ஊரின் முடிவை வைத்து நாடு முழுக்க நடவடிக்கை எடுத்திருந்தால் அதன் அடி யார் மேல் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மதுரையில் செய்த ஆய்வைத் தர்மபுரியில் செய்து பார்க்கத் தயங்கவே வேண்டாம்.

இந்தியாவில் காவல்துறையோடு சேர்ந்து நடந்த நல்ல ஆய்வுகள் உண்டா?

உண்டு. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ராஜஸ்தானில் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோரோடு சேர்ந்து ஆய்வு செய்தவர்களில் ஒருவர் நீனா சிங். அதே மாநிலத்தின் ஐ.பி.எஸ். அதிகாரி. பயிற்சி, அடிக்கடி இடமாற்றம் செய்யாமல் இருப்பது, வார ஓய்வு, ஸ்டேஷனில் பொதுமக்கள் பார்வையாளராக உட்காருவது என்று பல மாற்றங்களைச் சோதித்தார்கள். பொதுமக்கள் போல ஆட்களை அனுப்பி, புகாரை வாங்குகிறார்களா என்றும் பார்த்தார்கள். பயிற்சியும் இடமாற்றத்தை நிறுத்தி வைத்ததும் பலன் தந்தன. வார ஓய்வும் பார்வையாளர் திட்டமும் காகிதத்தில் சொன்னபடி களத்தில் நீடிக்கவில்லை, பலனும் தெரியவில்லை. இதே குழு குடிபோதை வாகனச் சோதனையையும் ஆராய்ந்தது. ஒரே இடத்தில் நின்று சோதித்ததில் பெரிய பலன் இல்லை. இடம் மாற்றி மாற்றிச் சோதித்தபோது இரவு விபத்துகள் 17 சதவீதமும் இரவு மரணங்கள் 25 சதவீதமும் குறைந்தன. ஹைவே ரோந்தில் இருக்கும் எவரும் நாளைக்கே பயன்படுத்தக்கூடிய தகவல் இது.

மத்தியப் பிரதேசத்தில் 180 ஸ்டேஷன்களை எடுத்து, ஒரு பகுதியில் பெண்கள் உதவி மையம் அமைத்தார்கள். 2022-ல் முடிவு வெளியானது. உதவி மையம் இருந்த ஸ்டேஷன்களில் பெண்கள் கொடுத்த புகார்களைப் பதிவு செய்வது கூடியது. எஃப்.ஐ.ஆர். கூடியது முக்கியமாகப் பெண் அதிகாரிகளை அதற்கென நியமித்த இடங்களில்.

என்.சி.ஆர்.பி. (தேசிய குற்ற ஆவணக் காப்பகம்) புள்ளிவிவரத்தை மட்டும் வைத்து ஆய்வு செய்யலாமா?

செய்யலாம், ஆனால் அந்த எண் எதை அளக்கிறது என்று புரிந்துகொண்டு செய்ய வேண்டும். மேலே சொன்ன மத்தியப் பிரதேச உதாரணத்தையே எடுங்கள். எண்ணை மட்டும் பார்த்தவர் அந்த ஸ்டேஷன்களில் பெண்களுக்கு எதிரான குற்றம் பெருகிவிட்டது என்று எழுதியிருப்பார். பெருகியது பதிவுதான். தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆரோடு நின்றுபோன மனு அந்தக் கணக்கில் வராது. அதோடு ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால், அவற்றில் கடுமையானது எதுவோ அதை மட்டும்தான் என்.சி.ஆர்.பி. எண்ணுகிறது. கொலையோடு கொள்ளையும் நடந்திருந்தால் அது கொலைக் கணக்கில் போய்விடும். நீங்கள் உள்ளே இருப்பவர். ஒரு வழக்கு எப்படி எண்ணாக மாறுகிறது என்பது வெளி ஆய்வாளரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை ஆய்வில் எழுதுங்கள்.

ஸ்டேஷன் பதிவேடுகள் என் கையில்தானே இருக்கின்றன. அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாமா?

கூடாது. வேலைக்காகப் பார்க்க உங்களுக்கு இருக்கும் அனுமதி வேறு, ஆய்வுக்காகப் பயன்படுத்தும் அனுமதி வேறு. எந்தப் பதிவேடு, எந்தக் காலம், எந்தப் பத்திகள் என்று குறிப்பிட்டு எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதலும் தனியாக வேண்டும். சி.டி. ஃபைல் (விசாரணை அதிகாரி எழுதும் வழக்கு நாட்குறிப்பு) பக்கம் போகவே வேண்டாம். குற்றம் சாட்டப்பட்டவரே கேட்டுப் பெற முடியாத ஆவணம் அது. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம்) 72-ம் பிரிவின்படி குற்றம். போக்சோவிலும் சிறார் நீதிச் சட்டத்திலும் இதே கண்டிப்பு உண்டு. பெயரை எடுத்துவிட்டால் போதாது. ஒரு சின்ன ஊரில் "10-ம் வகுப்பு மாணவி, தந்தை ரேஷன் கடை ஊழியர்" என்றாலே யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

பதிவேட்டின் தரத்தையும் முன்கூட்டியே பாருங்கள். விபத்து அடிக்கடி நடக்கும் இடங்களை வரைபடத்தில் குறிக்க ஆசைப்பட்டு எஃப்.ஐ.ஆரை எடுத்தால், சம்பவ இடம் "ஸ்டேஷனிலிருந்து கிழக்கே 4 கி.மீ., டீக்கடை அருகில்" என்று இருக்கும். அந்தச் சாலையில் டீக்கடை ஏழு இருக்கும். மாதிரி வரைபடமும் பார்வை மகஜரும் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு) பார்த்தால்தான் வளைவா, சந்திப்பா, விளக்கு இருந்ததா என்று தெரியும். எனவே தலைப்பை உறுதி செய்வதற்கு முன் இருபது வழக்குகளை மட்டும் எடுத்து, உங்களுக்குத் தேவையான தகவல் அவற்றில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

என் ஸ்டேஷன் காவலர்களிடமே கேள்வித்தாள் கொடுத்து நிரப்பச் சொல்லலாமா?

இந்தக் கேள்விக்கு நான் நிறைய நேரம் எடுத்துக்கொள்வேன். போலீஸ் ஆய்வில் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

ஓர் இன்ஸ்பெக்டர் ரோல் காலில் தாளைக் கொடுத்து "விருப்பம் இருந்தால் நிரப்புங்கள்" என்றால், அது உத்தரவு. "மேலதிகாரி உங்களை மரியாதைக் குறைவாகப் பேசுவாரா?" என்ற கேள்விக்கு எல்லாரும் "ஒருபோதும் இல்லை" என்று குறிப்பார்கள். அதைக் கூட்டி, சதவீதம் போட்டு, படம் வரைந்து சமர்ப்பித்தால் பட்டம் கிடைக்கலாம். அதில் உண்மை ஒரு வரிகூட இருக்காது. அந்தக் காவலர்களுக்கும் நீங்கள் நியாயம் செய்யவில்லை.

உங்களுக்குக் கீழே இல்லாத வேறு உட்கோட்டத்தில் செய்யுங்கள். தாளைக் கொடுப்பதும் வாங்குவதும் கல்லூரி மாணவராக இருக்கட்டும். நிரப்பாமல் வெற்றுத்தாளையே மடித்துப் பெட்டியில் போட்டாலும் யாருக்கும் தெரியக்கூடாது. பெயரும் பி.சி. நம்பரும் வேண்டாம். அதுவும் போதாது. வயது, பாலினம், பதவி, சர்வீஸ் என்று நான்கு கட்டம் வைத்தீர்களானால், "பெண், தலைமைக் காவலர், 41 வயது" என்பது அந்த ஸ்டேஷனில் ஒரே ஒருவர்தான். அவர் உடனே உஷாராகிவிடுவார், அது நியாயமும்கூட. தேவையில்லாத கட்டங்களை நீக்குங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர்களோடும் சிறையில் இருப்பவர்களோடும் பேசும் ஆய்வு இன்னும் கவனமானது. நீங்கள் ஆய்வாளராகப் போனாலும் அவர் பார்ப்பது போலீஸைத்தான். இதுவரை வெளிவராத ஒரு குற்றத்தை அவர் உங்களிடம் சொல்லிவிட்டால், ரகசியம் காப்பேன் என்று ஆய்வாளராகக் கொடுத்த வாக்கும் காவலராக உங்களுக்குள்ள கடமையும் மோதும். அதனால் பேச்சைத் தொடங்கும்போதே, "வெளியே தெரியாத சம்பவம் எதையும் என்னிடம் சொல்ல வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உங்கள் எல்லையில் நீங்களே பிடித்தவரை உங்கள் ஆய்வில் சேர்க்கவே கூடாது. எதற்காகவும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

துறையின் குறைகளை ஆய்வு செய்தால் வேலைக்குப் பிரச்சினை வருமா?

நடத்தை விதிகள் இருக்கின்றன, அவற்றைப் படித்துவிட்டு இறங்குங்கள். காவல் படைகளில் இருப்பவர்களின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் 1966-ம் ஆண்டுச் சட்டம், நூலோ கடிதமோ வெளியிடுவதைத் தடுக்கிறது. ஆனால் முழுக்க இலக்கிய, கலை, அறிவியல் தன்மை கொண்ட வெளியீடுகளுக்கு அதே பிரிவில் விலக்கும் இருக்கிறது. அனுமதி கேட்டு எழுதும் கடிதத்தில் இதை நிதானமாகக் குறிப்பிடலாம்.

கேள்வியை எப்படி வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். "காவல் நிலையத்தில் மனித உரிமை மீறல்கள்" என்று கேட்டால் கதவு மூடும். "கைது செய்யப்பட்டவரின் குடும்பத்துக்குத் தகவல் சொல்வது எத்தனை மணி நேரத்தில் நடக்கிறது, எந்தச் சூழ்நிலையில் தாமதமாகிறது?" என்று கேட்டால் அதே இடத்துக்கு நேர்மையாகப் போய்ச் சேரலாம். கிடைக்கும் விடை துறைக்குச் சங்கடமாக இருந்தாலும் மாற்றாமல் எழுத வேண்டும். அதற்கு மனம் வராது என்றால் அந்தத் தலைப்பை எடுக்க வேண்டாம்.

புதிய குற்றவியல் சட்டங்கள் பற்றி எடுக்கலாமா?

தாராளமாக. 2024 ஜூலை 1 முதல் அவை நடைமுறைக்கு வந்துவிட்டன. "புதிய சட்டம் நல்லதா கெட்டதா" என்று போகாமல் ஒரே ஒரு பிரிவைப் பிடியுங்கள். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 105-ம் பிரிவு சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. செல்போனைப் பிடிப்பது யார், யாருடைய போன், வீடியோ மாஜிஸ்திரேட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கலாம். பி.என்.எஸ்.எஸ். 173(3) மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் முதற்கட்ட விசாரணை நடத்த இடம் தருகிறது. அப்படி விசாரித்த புகார்களில் எத்தனை வழக்காகின, எத்தனை மூடப்பட்டன என்பது ஒரு டி.எஸ்.பி.யே செய்யக்கூடிய ஆய்வு. தண்டனை விகிதத்தை இப்போதே தொட வேண்டாம். பெரிய வழக்குகள் தீர்ப்புக்கு வர வருடங்கள் ஆகும்.

நடுவில் டிரான்ஸ்ஃபர் வந்துவிட்டால்?

வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் நெருங்கினால் மூன்று வருடம் முடித்தவர்கள் மாற்றப்படுவது வழக்கம். ஒரே ஸ்டேஷனின் தினசரி நடப்பை இரண்டு வருடம் கவனிக்கும் ஆய்வு அதனால் ஆபத்தானது. பதிவேட்டுத் தகவலை முதல் சில மாதங்களிலேயே சேகரித்து முடித்துவிடும்படி திட்டமிடுங்கள். அனுமதிக் கடிதம் உங்கள் பதவிக்கு இல்லாமல் உங்கள் பெயருக்கும் ஆய்வுக்கும் இருக்கட்டும்.

புள்ளியியல் தெரியாது. கஷ்டமா?

பல கேள்விகளுக்கு எண்ணத் தெரிந்தாலே போதும். மற்றதைக் கற்றுக்கொள்ளலாம்.

என் தலைப்பு தயாராகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆய்வைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு எஸ்.ஐ.யிடம் உங்கள் கேள்வியைச் சொல்லுங்கள். "விடை ஆம் என்று வந்தால் நாளைக்கு என்ன மாற்றுவீர்கள், இல்லை என்று வந்தால் என்ன மாற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் அவர் வெவ்வேறு பதில் சொன்னால் கேள்வி நன்றாக இருக்கிறது. "எப்படி வந்தால் என்ன, இதெல்லாம் அப்படியேதான் போகும்" என்றால் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று உட்கார்ந்து கேளுங்கள். அதிலேயே வேறு தலைப்பு கிடைக்கலாம்.

பிறகு வழிகாட்டியைப் பார்க்கப் போகும்போது ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். கேள்வி என்ன, தகவல் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது, யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், பார்த்த இருபது வழக்குகளில் என்ன தெரிந்தது, விடை எப்படி வரும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். கடைசியாகச் சொன்னதை மறக்காமல் எழுதித் தேதி போட்டு வையுங்கள். ஆய்வு முடிந்த பிறகு அதை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.